பின்வளவுக் கோழிகளும் பறவைக் காய்ச்சலும்



பிரித்தானியாவில் எங்களுடைய பல வீடுகளின் பின்வளவில் இன்று கோழிக்கூடு ஒன்று நிற்கிறது. கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து பேட்டுக்கோழிகள். ஊரில் கோழி வளர்த்த கை இங்கே வந்தும் சும்மா இருக்குமா? பென்சன் எடுத்த அம்மா, அப்பாமாருக்கு அது பொழுதுபோக்கு, பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு. அதனால்தான் இந்த மாதம் பறவைக் காய்ச்சலைப் பற்றிப் பேச வந்தேன். நான் வைத்தியனல்ல, கணக்காளன். ஆனால் இந்த நோயிலும் கணக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

எச்5என்1 என்ற வைரஸ் 1996இல் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஒரு பெருவாத்துப் பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடம் ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். அந்த நகரம் 1997 டிசெம்பர் முடிவில் தன்னிடமிருந்த கோழிகள் எல்லாவற்றையும், பத்து இலட்சத்துக்கும் மேலே, சில நாட்களுக்குள் கொன்று புதைத்தது. நோய் அத்தோடு போய்விடவில்லை. 2003க்குப் பிறகு வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா என்று பரவியது. 2006இல் ஸ்கொட்லாந்தின் செல்லர்டைக் கடற்கரையில் ஒதுங்கிய ஓர் இறந்த அன்னத்தில் அது இருந்தது. 2021இலிருந்து இந்த நாடு கண்டது வேறு அளவு. 2022 ஒக்டோபர் தொடங்கிய ஒரு வருடத்தில் மட்டும் 200க்கு மேற்பட்ட இடங்களில், வளர்க்கும் பறவைகளுக்கு நோய் வந்தது. அந்த வருட நத்தாருக்கென்று வெளியில் மேயவிட்டு வளர்த்த வான்கோழிகளில் ஏறக்குறைய அரைவாசி அழிந்தன. ஸ்கொட்லாந்தின் பாஸ் பாறையில் கூடுகட்டும் கடற்பறவைகள் கூடுகளிலேயே செத்துக் கிடந்தன.

காட்டு வாத்துகள் பல நோயைச் சுமந்துகொண்டே சுகமாகப் பறக்கும். இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வந்து குளங்களில் இறங்கும். அவற்றின் எச்சத்திலும் எச்சிலிலும் வைரஸ் இருக்கும். குளிரும் ஈரமும் அதற்கு நல்ல சாதகம், நாட்கணக்கில் உயிரோடிருக்கும். கோழிக்கு நீங்கள் முற்றத்தில் போடும் தீனியைத் தின்ன ஒரு கடற்காகமோ வாத்தோ இறங்கினால் போதும். குளக்கரையில் நடந்த சப்பாத்தோடு கூட்டுக்குள் போனாலும் போதும். ஆகவே தீனியும் தண்ணீரும் கூரைக்குக் கீழே இருக்கட்டும், கூட்டுக்கென்று தனிச் சப்பாத்து இருக்கட்டும். கோழி திடீரென்று செத்தால், தலை வீங்கினால், பூ நீலம் பாய்ந்தால், மூச்சுக்குத் தவித்தால், முட்டை திடீரெனக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இனி மனிதர். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட எச்5என்1 நோயாளர்கள் 900க்கு மேல். அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இறந்துவிட்டார்கள். கேட்டால் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் இங்கே ஒரு கணக்கு நுணுக்கம் உண்டு. ஆஸ்பத்திரிவரை போனவர்கள்தான் பெரும்பாலும் எண்ணப்பட்டார்கள். லேசாக வந்து மாறியவர்கள் பேரேட்டில் ஏறவே இல்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு இந்த நோய் வந்தது தெரிந்தபின், அங்கே தொற்றிய சுமார் 70 பேரில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததும் லேசான காய்ச்சலும்தான். ஆனாலும் 2025 ஜனவரியில் லூசியானாவில் ஒருவர் இறந்தார். அவர் வீட்டுப் பின்வளவில் கோழி வளர்த்தவர்.

இந்த வைரஸ் பற்றிக்கொள்ளத் தேடும் இடம் மனிதருக்கு நுரையீரலின் அடியில்தான் கூடுதலாக உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. அதனால்தான் எளிதில் தொற்றுவதில்லை. அடிவரை இறங்கிவிட்டால் கடுமையாகிறது. ஒருவருக்கொருவர் தொடர்ந்து பரவும் நிலை இதுவரை வரவில்லை. சாதாரண இன்புளுவென்சாவும் இதுவும் ஒரே உடம்பில் சந்தித்துக் கலந்துவிடுமோ என்பதுதான் விஞ்ஞானிகளின் பயம். கோழிகளோடு வேலை செய்பவர்களைக் குளிர்காலத் தடுப்பூசி போடச் சொல்வது அதற்காகத்தான். பிரித்தானிய அரசு 2024 டிசெம்பரில் எச்5 தடுப்பூசி 50 இலட்சம் வாங்கி வைப்பதாக அறிவித்தது.

எங்கள் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. 70 பாகை செல்சியசுக்கு உள்ளும் புறமும் வெந்த இறைச்சியில் இந்த வைரஸ் பிழைக்காது. எங்கள் கோழிக்கறி கொதிக்கிற கொதியில் அது எம்மாத்திரம்! ஆபத்து சட்டியில் இல்லை, அதற்கு முந்திய வேலையில் இருக்கிறது. ஆசியாவில் நோய் வந்தவர்களில் பலர் சுகமில்லாத கோழியை அறுத்தவர்கள், இறகு பிடுங்கியவர்கள், குடல் எடுத்தவர்கள். சோர்ந்து விழும் கோழியை, வீணாகப் போகிறதே என்று அறுத்துக் கறியாக்கும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. இங்கே அதைச் செய்யவே வேண்டாம்.

இன்னொன்று, பிள்ளை பெரியபிள்ளையானால் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பது. இங்கும் சில வீடுகளில் நடக்கிறது. உடம்புக்கு வலு என்ற நம்பிக்கையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் பின்வளவு முட்டையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலை விட்டாலும் சல்மொனெல்லா என்ற கிருமி உண்டு. 2017இல் உணவுத் தர முகவரகம் பச்சையாகவும் உண்ணலாம் என்று சொன்னது, சிங்க முத்திரை குத்திய முட்டைகளைப் பற்றி மட்டுமே. அந்த முத்திரை உங்கள் கூட்டுக்குள் இல்லை. அவித்துக் கொடுத்தாலும் வலு குறையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓரிடத்தில் நோய் உறுதியானால் அங்குள்ள பறவைகள் எல்லாம் கொல்லப்படும். நஷ்டஈடு உண்டு, ஆனால் நோயில்லாத பறவைகளுக்கு மட்டுமே. ஏற்கனவே செத்ததற்கும் நோயுற்றதற்கும் சதமும் கிடையாது. முன்பு கொல்லி முடிக்கும் வேளையில் சுகமாக இருந்தவற்றை எண்ணினார்கள். இங்கிலாந்தில் 2022 ஒக்டோபரிலிருந்து கொல்லும் திட்டம் தொடங்கும்போதே எண்ணுகிறார்கள். பண்ணைக்காரர் நேரத்தோடு அறிவித்தால் இலாபம், மறைத்தால் நட்டம் என்றுதான் சட்டம் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பேன். நாலு கோழிக்கு நஷ்டஈடு பெரிய காசல்ல. பேரன் பெயர் வைத்து வளர்த்த கோழிக்கு விலையும் இல்லை. ஆனாலும் சந்தேகம் வந்தால் அறிவிப்பது சட்டக் கடமை.

அறிவிப்பதற்கு முதல் பதிய வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஒக்டோபர் 1 முதல், ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முந்தியே, ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். வீட்டை விட்டு வெளியே போகாத கூண்டுக்கிளிக்குத் தேவையில்லை. கட்டணம் இல்லை. "ஏன் எங்கட பேரைக் குடுப்பான்?" என்று ஓர் ஐயா என்னிடம் கேட்டார். பட்டியலில் பெயர் ஏறினால் என்ன நடக்கும் என்று ஊரில் பார்த்துவிட்டு வந்த தலைமுறை. அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். கேட்பது பெயர், முகவரி, என்ன பறவை, எத்தனை, எதற்கு என்பன போன்றவைதான். பக்கத்தில் நோய் வந்தால் 3 கிலோமீற்றர், 10 கிலோமீற்றர் என்று வலயம் போடுவார்கள். உங்கள் பெயர் அங்கே இருந்தால்தான் உங்களை எச்சரிக்க முடியும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் கோழி வளர்க்கத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குளக்கரையில் செத்த அன்னத்தையோ வாத்தையோ கண்டால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அரசின் இணையத்தளத்தில் அதை அறிவிக்க இடம் உண்டு.

பதிவுப் படிவத்தை இணையத்தில் நிரப்பலாம். இயலாத பெரியவர்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் வானொலி நிலையத்துக்கு வாருங்கள், நான் இருப்பேன். கோழிகளை எண்ணிக்கொண்டு வாருங்கள், சேவலையும் சேர்த்து.