வாவியைச் செடிகள் மட்டும் காப்பாற்றுமா?



கண்டலும் ஆற்றுவாழையும் இருக்கும்வரை மட்டக்களப்பு வாவி தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று நம்மில் பலர் சொல்வோம். அதில் பாதிதான் உண்மை.

வயலிலிருந்து வரும் கிருமிநாசினியையும் வள்ளத்து எஞ்சின் சிந்தும் எண்ணெயையும் பெரும்பாலும் உடைப்பவை வேரை ஒட்டி வாழும் நுண்ணங்கிகள். செடி அவற்றுக்கு இடமும் உணவும் கொடுக்கிறது. அதே சேற்றில் ஈயமும் கட்மியமும் கூடினால் வேர் குறுகும், நுண்ணங்கிகளின் நொதியங்கள் முடங்கும், எண்ணெய் உடையாமல் கிடக்கும். செப்பும் நாகமும் அளவோடு செடிக்கு ஊட்டம்; மிஞ்சினால் அவையும் நஞ்சு. எண்ணெய் என்றாவது சிதையும். உலோகம் சிதையாது.

வைத்தியர்களாகிய எங்களை உறுத்துவது வேறொன்று. ஆற்றுவாழையை ஒழிக்க இலங்கையில் 1909இலேயே சட்டம் வந்தது. செடி இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. அள்ளியதைக் கூட்டெருவாக்கிக் கீரைப்பாத்திக்குப் போடலாம் என்பது நல்ல யோசனை போலத்தான் தெரியும். ஆனால் அதன் வேர் உலோகத்தை நன்றாக இழுத்து வைக்கும். எருவிலிருந்து கீரைக்கு, கீரையிலிருந்து பிள்ளையின் கோப்பைக்கு அது வரலாம். ஈயம் பிள்ளையின் மூளையைத் தாக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றை உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.

ஆகவே, பள்ளித் தோட்டத்துக்கு அந்த எருவைப் போடுமுன் ஆய்வுகூடத்தில் சோதிப்போம். செலவைச் சங்கம் ஏற்கட்டும். பழைய பற்றறிகளை வாவிக்கரையில் எறியாமல் சேர்த்துக் கொடுக்க, வீட்டிலுள்ள ஆண்களுக்கும் சொல்வோம்.