ஒன்பது பேரோடு ஒரு சாரணியர் குழு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



புதிய கட்டடம், நூலகம், பரீட்சைப் பெறுபேறுகள் பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசுவார்கள். நாங்கள் ஒரு சிறிய விடயத்தோடு வந்திருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் நமது பாடசாலையின் பெண் சாரணியர் குழுவில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஓர் அணிக்கே ஆறு முதல் எட்டுப் பேர் வேண்டும். அந்த ஒன்பதில் நால்வர் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்கள். அவர்களும் விலகினால் குழுவை நடத்த முடியாது என்று பொறுப்பாசிரியை சொன்ன பிறகுதான் சங்கம் விழித்துக்கொண்டது.

இந்த நாட்டில் பெண் சாரணியம் பிறந்ததே கண்டியில்தான். 1917 இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கிறீன் அம்மையார் முதலாவது குழுவைத் தொடக்கினார். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே, 1912 இல், பக்கத்து மாத்தளையில் ஆண் பிள்ளைகளின் சாரணர் இயக்கம் தொடங்கியிருந்தது. அதே 1912 இல் அமெரிக்காவின் சவான்னா நகரில் ஜூலியட் லோ அம்மையார் 18 சிறுமிகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்நாட்டு இயக்கத்தை ஆரம்பித்தார். ஆகவே சிறிய குழு என்பது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தோம். 1909 இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் சாரணர்கள் கூடியபோது, அழைப்பே இல்லாமல் சில சிறுமிகளும் வந்து நின்றார்கள். தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்த வருடமே பெண்களுக்கென்று தனி இயக்கம் உருவானது. அன்று பிள்ளைகள் தாமாகவே வந்தார்கள். நமது பிள்ளைகள் மட்டும் ஏன் வரவில்லை?

முதலில் காலைக் கூட்டத்தில் அறிவித்தோம். இரண்டு பேர் வந்தார்கள். அறிவித்தல் பலகையில் படங்கள் ஒட்டினோம். பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு பெற்றோரையே கேட்போம் என்று தீர்மானித்தோம். நகரத்துப் பெற்றோர், சனிக்கிழமை முழுவதும் பிரத்தியேக வகுப்பு என்றார்கள். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துப் பெற்றோர் வேறு கதை சொன்னார்கள். சனிக்கிழமைக்கு இன்னொரு பஸ் காசு வேண்டும். சீருடை, பட்டி, சப்பாத்து வாங்க வேண்டும். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு கொப்பி வாங்குவதே பாடாக இருக்கிறது.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம், இதில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும், தலைமைத்துவம் வளரும் என்று விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் சரிங்கம்மா, இருட்டுறதுக்குள்ள புள்ள வீட்டுக்கு வந்திருமா?” என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. ரோட்டிலிருந்து லயத்துக்குத் தேயிலைக்குள்ளால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை நாங்கள் யோசித்தே இருக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் அதிகம் பேசவில்லை. நமது காலத்துக் குழுப் படங்களை வீட்டில் எடுத்துப் பார்த்தோம். ஹந்தானை ஏறிய நாள், உடவத்தகலையில் பறவை பார்த்த நாள், தீப்பாசறை என்று நிறையப் படங்கள். எல்லாவற்றிலும் விடுதிப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும்தான். நமது வகுப்பில் பாதிப் பேர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தப் படங்களில் இல்லை. யாரும் அவர்களை வேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் நாம் கூப்பிட்டதில்லை. இதை நூற்றாண்டு மலரில் எழுதுவது நமக்குச் சங்கடம்தான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அதன் பிறகு செய்தவற்றைச் சொல்கிறோம். பயிற்சியைச் சனியிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றும்படி அதிபரிடம் கேட்டோம், சம்மதித்தார். பாடசாலை விட்டதும் ஒன்றரை மணித்தியாலம் மட்டும் பயிற்சி. முடியும் நேரத்தை எழுதிப் பெற்றோருக்குக் கடிதம் கொடுத்தோம். சங்கத்தில் இருவர் முறை வைத்துப் பிள்ளைகளைப் பஸ் நிலையம் வரை அழைத்துச் சென்று ஏற்றிவிட்டோம். பழைய சீருடைகளைச் சேகரித்து, அளவு திருத்தி, ஓர் அலுமாரியில் வைத்தோம். யார் எடுத்தது என்று எவரும் கேட்பதில்லை.

பிள்ளைகளைச் சேர்க்கும் வேலையை அந்த ஒன்பது பேரிடமே விட்டோம். அவர்கள் ஆறாந்தர வகுப்புகளுக்குப் போய்ப் பேச்சு எதுவும் பேசவில்லை. கயிறு கொண்டுபோய் முடிச்சுப் போடக் காட்டினார்கள். கை உடைந்தால் தாவணித் துண்டால் எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டினார்கள். அடுத்த புதன்கிழமை பதினான்கு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஐவர் பிறகு வரவில்லை. ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள்.

சின்னம் சூட்டும் நாளன்று அந்தத் தாயும் வந்திருந்தார். மத்தியானத்தோடு வேலையை விட்டு வந்ததால் அன்று அவருக்கு அரைப்பேர்தான். மகள் மூன்று விரல் உயர்த்தி வாக்குறுதி சொன்னபோது அவர் முன்வரிசையில் எழுந்தே நின்றார். அவரை உட்காரச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்று குழுவில் மூன்று அணிகள் இருக்கின்றன. பெரிய எண்ணிக்கை அல்ல. பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாத ஒரு மாதத்தில் இதுவும் குறைந்துவிடும். ஆகவே சகோதரிகளிடம் மூன்று உதவிகள் கேட்கிறோம். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு புதன்கிழமை தாருங்கள். வசதியுள்ளவர்கள் ஒரு பிள்ளையின் வருடாந்த பஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். டொரொன்டோ, லண்டன், மெல்பேர்ன் என்று எங்கே இருந்தாலும், உலகச் சாரணியர் ஒருவரையொருவர் நினைக்கும் பெப்ரவரி 22 அன்று இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள். தமக்கு முன்னே போனவர்கள் தம்மை அறிவார்கள் என்பது இந்த வயதில் பெரிய பலம்.

உங்களில் யாராவது, “அந்தக் காலத்தில் என்னை யாரும் கூப்பிடவில்லையே” என்று நினைத்தால், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். புதன்கிழமை இரண்டு மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள். சாரணியர் முறைப்படி இடக்கை கொடுத்து வரவேற்கக் காத்திருக்கிறோம்.