கைதட்டல் ஓய்ந்த பிறகு

(ஜொகூர் பாரு தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பரிசு பெற்ற செல்வங்களே, பரிசு பெறாத செல்வங்களே, இந்த மலரைப் பின்னொரு நாள் வீட்டில் புரட்டப்போகும் வாசகரே, அனைவருக்கும் என் வணக்கம்.

பரிசு பெறாதவர்களைத் தனியாக அழைத்ததற்குக் காரணம் உண்டு. பேச்சுப் போட்டியில் பேசி முடித்த பிள்ளை முதலில் எதைப் பார்க்கிறது? சபையின் முகத்தைத்தான். கைதட்டல் பலமாக இருந்தால் துள்ளிக்கொண்டு இறங்கும். இரண்டு பேர் எழுந்து போய்விட்டால் அன்றைக்கே சுருங்கிவிடும். அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கச் சொன்னால், "வேணாம் டீச்சர், எனக்கு வராது" என்று சொல்லிவிடும். அந்த ஒரு 'வேணாம்' பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

வடிவமைப்பாளர்கள் கூடிய ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். விக்டர் பாபனெக் என்பவர் வியன்னாவில் பிறந்து, அமெரிக்காவில் வடிவமைப்புக் கற்பித்தவர். 1960களில் அவர் ஒரு வானொலிப் பெட்டியை உருவாக்கினார். உடல், பழச்சாறு வந்த பழைய தகர டின். உள்ளே ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர். மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். டின்னுக்குள் மெழுகும் திரியும் எரியும்; அந்தச் சூட்டிலிருந்தே தேவையான மின்சாரம் பிறக்கும். மெழுகு இல்லையென்றால் விறகு, காகிதம், காய்ந்த சாணி எதுவானாலும் சரி. செலவு, அமெரிக்கக் கணக்கில் வெறும் 9 காசு!

இந்தப் பெட்டியின் படங்களை அவர் ஜெர்மனியில் உல்ம் நகர வடிவமைப்புக் கல்லூரியில் திரையிட்டுக் காட்டினார். அந்நாளில் உலகப் புகழ் பெற்ற கல்லூரி அது. என்ன நடந்தது தெரியுமா? பேராசிரியர்கள் அநேகமாக எல்லோரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். "இது அசிங்கமாக இருக்கிறது, இதில் வடிவ ஒழுங்கே இல்லை" என்பது அவர்கள் குறை. ஆனால் மாணவர்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அந்தக் குறைக்கு பாபனெக்கிடம் பதில் இருந்தது. சாயம் பூசினால் விலை ஏறும் என்பது ஒன்று. வேறொரு பண்பாட்டு மக்களுக்கு எது அழகு என்று நான் தீர்மானிப்பது முறையல்ல என்பது மற்றொன்று. அந்தப் பெட்டி நமக்குப் பக்கத்து நாடான இந்தோனேசியாவுக்குப் போனபோது, அங்குள்ள மக்கள் வண்ணத் துணியையும் கண்ணாடித் துண்டையும் கிளிஞ்சலையும் ஒட்டித் தாங்களே அலங்கரித்துக்கொண்டார்கள். பேராசிரியர்கள் தேடிய அழகைப் பயன்படுத்தியவர்களே தங்கள் கையால் செய்துகொண்டார்கள்!

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1971இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் இந்தக் கதையை எழுதியவர் பேச்சாளரேதான். எழுந்து போனவர்கள் பக்கம் என்ன நியாயம் இருந்ததோ, அதை அவர்கள் வாயால் நாம் கேட்கவில்லை. ஆகவே எழுந்து போனவரெல்லாம் அறிவிலிகள் என்ற முடிவுக்கு வராதீர்கள். குறை சொல்பவரிடமும் கற்க வேண்டியது இருக்கும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த ஒரு மணி நேரத்துச் சபை, தீர்ப்புச் சொல்லும் முழுச் சபை அல்ல.

இதற்கு நம் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. தாத்தா பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் படித்த காலத்தில் ணை, லை, ளை, னை என்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்திருக்கும். ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவில் இருந்தன. இவற்றைச் சீராக்கலாம் என்று தந்தை பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழிலேயே புது எழுத்தை அச்சிட்டுக் காட்டினார். எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு வடிவமைப்புத்தானே! பாடநூல்களோ நெடுங்காலம் பழைய எழுத்திலேயே நின்றன. அவர் 1973இல் மறைந்தார். தமிழக அரசின் ஆணை வந்தது 1978இல். 43 ஆண்டுகள்! அப்போதும் அவர் சொன்ன எல்லாவற்றையும் அரசு ஏற்கவில்லை. 13 எழுத்துகள் மாறின. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்ற யோசனை ஒதுக்கப்பட்டது. பிறகு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்தப் புது எழுத்து வழக்குக்கு வந்தது. இன்று நம் பள்ளிப் பிள்ளை கரும்பலகையில் 'மலை' என்று எழுதும்போது, 1935இல் ஒருவர் எடுத்துச் சொன்னதற்குக் கிடைத்த மறுமொழியைத்தான் எழுதுகிறது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், நெரிசலில் நின்று இரவில் வீடு திரும்புகிறவர்கள். களைப்பில் நாம் கேட்பது ஒரே கேள்வி: "பரிசு கெடைச்சுதா?" இல்லை என்றதும் பேச்சு அதோடு முடிந்துபோகிறது. இனிமேல் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "கடைசி வரைக்கும் யார் ஒன்னைப் பாத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க?" "பேசி முடிச்சதும் யாராவது ஏதாவது கேட்டாங்களா?" "யாராவது குறை சொன்னாங்களா, அதுக்கு ஒன் பதில் என்னா?" இந்த மூன்றுக்கும் விடை தேடுகிற பிள்ளை அடுத்த ஆண்டு தானே முன்வந்து பெயர் கொடுக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை தெரியவில்லையென்றால், அதுவே அடுத்த பேச்சுக்குத் தலைப்பு.

மாணவச் செல்வங்களே, தமிழில் எழுந்து நின்று பேசும் மேடை உங்களுக்கு இந்த ஊரில் ஆயிரம் இல்லை. இந்தப் பள்ளி மேடைதான் முதல் மேடை. கைதட்டல் வந்தால் நன்றி சொல்லுங்கள். வராவிட்டால், சபையில் ஒரு தம்பியோ தங்கையோ வாயைத் திறந்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று பாருங்கள். அந்த ஒருவருக்காக அடுத்த ஆண்டும் மேடை ஏறுங்கள். "வேணாம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.