மால்குடிக்கு ஒரு பரமபதம்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் நீங்கி வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் ஒரு காட்சி பொதுவானது. குழந்தைகள் ஓர் அறையில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி மற்றோர் அறையில் பேச்சுத்துணையின்றி அமர்ந்திருப்பார். டில்லியில் நம் வீட்டிலும் சென்ற குளிர்காலம் வரை இதே நிலைதான். ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி ஊதியம் பெறும் நாம், நம் மகளுக்குத் தமிழ் எழுத்தைப் பழக்கத் தவறியிருந்தோம். அக்குறையை ஓரளவேனும் நீக்கியது ஒரு விளையாட்டுப் பலகை. அதனைப் பற்றியதே இன்றைய பேச்சு.

1980களின் பிற்பகுதியில் 'மால்குடி டேஸ்' என்னும் தொடரைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 1906இல் சென்னையில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண் படைத்த கற்பனை ஊர் மால்குடி. சங்கர் நாக் இயக்கிய அத்தொடர் கர்நாடகத்து மலையூரான ஆகும்பேயில் படமாக்கப்பட்டது. எல். வைத்தியநாதன் இசையமைத்தார், எழுத்தாளரின் தம்பியான ஆர். கே. லட்சுமண் கோட்டோவியங்கள் தீட்டினார். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில், அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைக் கண்ட நமக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் சுவாமி என்னும் சிறுவனின் குறும்பும் அச்சமும் எப்படியோ விளங்கிவிட்டன.

சென்ற குளிரில் நம் மகளுக்கு அத்தொடரைக் காட்டினோம். அவளும் எதிர்வீட்டுப் பஞ்சாபிச் சிறுவனும் அதில் மூழ்கிப் போயினர். "இதை விளையாட முடியாதா அப்பா?" என்று அவள் கேட்டாள். அப்போது நம் அன்னையார், "வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவோமே, அந்த மாதிரி போட்டுக் கொடேன்" என்றார். வேலை தொடங்கிற்று.

அமைப்பு எளியது. 10 வரிசைகளில் பத்துப் பத்தாக 100 கட்டங்கள். ஒரு கட்டம் 4 சென்டிமீட்டர். ஆகவே பலகையின் ஒரு பக்கம் 40 சென்டிமீட்டர். இதனை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதியும் 20 சென்டிமீட்டர் சதுரம். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர் ஆதலால், வீட்டு அச்சுப்பொறியிலேயே நான்கு தாள்களில் அச்சிடலாம். அச்சிடும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. அட்டையில் மைதாப் பசையிட்டு ஒட்டினால், ஈரம் உலரும்போது அட்டை வளையும். பின்புறமும் ஒரு தாளை ஒட்டி, ஓர் இரவு கனத்த புத்தகங்களின் அடியில் வைத்தால் வளையாது.

பாம்புகளை இடுவதில் ஒரு கவனம் தேவை. ஆறு முகப் பகடை கொண்டு ஆடுவோர் அடுத்தடுத்த ஆறு கட்டங்களில் பாம்புத் தலைகளை வைத்துவிட்டால், அதனை யாராலும் தாண்ட இயலாது. அன்னையார் ஊரிலிருந்து கொணர்ந்த பித்தளைத் தாயக்கட்டைகளையே நாம் பயன்படுத்தினோம். இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 16; அவற்றுள் ஒன்றில் மட்டுமே 12 விழும். அது விழும்போது எழும் ஆரவாரம் சொல்லுந்தரமன்று.

கதையினின்றே ஏணிகளும் பாம்புகளும் கிடைத்தன. ராஜத்தின் நட்பைப் பெறுவது ஓர் ஏணி. தலைமையாசிரியரின் பிரம்பைப் பறித்து எறிவது நீண்ட பாம்பு. அதன் வால் மேம்பிக் காட்டில் முடியும். நூறாம் கட்டம் கிரிக்கெட் மைதானம். கதையில் சுவாமியால் அந்த ஆட்டத்துக்கு வந்து சேர முடியவில்லை. "நம் விளையாட்டிலாவது அவன் போய்ச் சேரட்டும்" என்றாள் மகள். அவ்வாறே அமைத்தோம்.

கட்டங்களில் தமிழில் குறிப்பு எழுதினோம். இங்கேதான் நாம் தோற்றோம். 'ஒழுங்கீனத்தின் விளைவாக ஈரிடம் பின்னேகுக' என்பது போன்ற வாசகங்களை மகளால் படிக்கவும் இயலவில்லை, படித்துக் காட்டினால் புரிந்துகொள்ளவும் இயலவில்லை. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்னடா இது, சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருக்கு! 'சேட்டை பண்ணினே, ரெண்டு கட்டம் பின்னாடி போ'ன்னு எழுது" என்றார். ஆண்டுக்கணக்காக மொழிபெயர்த்த நமக்கு அது நல்ல பாடம். அவர் சொல்லச் சொல்ல அனைத்தையும் மாற்றி எழுதி மீண்டும் அச்சிட்டோம்.

வயிற்றுவலியால் துடித்த பாட்டி எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னபோது, சுவாமி நில்லாமல் ஓடிவிடுவான். அதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் விழுந்தவர் ஒரு முறை ஆட்டம் இழந்து, பாட்டியிடம் சென்று, "உங்களுக்கு என்ன வேணும் பாட்டி?" என்று கேட்டு, அதைச் செய்துவிட்டு வரவேண்டும். இவ்விதியை வகுத்தவள் மகளே. முதலில் தண்ணீர் கேட்ட அன்னையார், பிறகு ஊர்க் கதைகளைச் சொல்லலானார். எதிர்வீட்டுச் சிறுவனும் 'தாயம்', 'பாட்டி' என்னும் சொற்களைக் கற்றுக்கொண்டான். குறிப்புகளைப் பாட்டியின் விரலைப் பின்பற்றிப் படித்துப் படித்து, தை மாத முடிவில் மகள் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

ஓர் எச்சரிக்கை. நாராயண் 2001இல் மறைந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிலைக்கும். ஆகவே இத்தகைய பலகையை வீட்டில் ஆடலாமேயன்றி விற்றல் ஆகாது. படங்களையும் குழந்தைகளே வரையட்டும். நம் பலகையில் சுவாமியின் தொப்பி தலையினும் பெரிது.

பங்குனியில் அன்னையார் ஊர் திரும்பினார். அண்மையில் மகள் அவருக்கு அஞ்சலட்டையில் ஒரு புதிய கட்டத்துக்கான வாசகம் எழுதினாள்: 'பாட்டி ஊருக்கு போயாச்சு. அவங்க வர்ர வரைக்கும் இங்கயே நில்லு.' அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. ஓர் எழுத்தும் பிழை. திருத்துவது நம் தொழில். ஆயினும் அவ்வட்டையை அப்படியே அஞ்சலில் சேர்த்தோம்.

நேயர்கள் இல்லங்களிலும் குழந்தைகள் விரும்பும் ஏதேனும் ஒரு தொடர் இருக்கும். நான்கு தாள்களும் ஒரு விடுமுறை நாளும் போதும், செய்து பாருங்கள்.