மலை சரிய எவ்வளவு மழை வேண்டும்?

(சீயமங்கலம் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்மூர்க் குன்றில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் ஆயிரத்து நானூறு ஆண்டாக நிற்கிறது. தாய்ப்பாறை உறுதிதான். இங்கிருந்து செஞ்சிக் கோட்டை வரை குன்றுகளைப் பாருங்கள்: பாறைமேல் உருண்டைக் கற்கள், இடுக்கெல்லாம் மண். அசைவது அதுதான்.

2024 டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் அப்படித்தான் மண்ணும் கல்லும் இறங்கி, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். ஐவர் குழந்தைகள்.

விதி என்றார்கள் சிலர். விதியல்ல, கணக்கு! முந்தின இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். நிரம்பிய பின்னும் பெய்தால், உள்ளே தேங்கிய நீர் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. மண் கூழாகி, கல்லையும் சுமந்துகொண்டு ஓடிவருகிறது. ஆகவே கடைசி ஒரு மணி மழையை மட்டும் பார்த்தால் போதாது, முந்தைய நாட்களையும் கூட்ட வேண்டும்.

கெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் உலகெங்கும் நடந்த 73 சரிவுகளை ஆராய்ந்து 1980இல் ஒரு கீழெல்லை வகுத்தார். ஒரு மணியில் 15 மி.மீ., அல்லது 24 மணியில் சுமார் 100 மி.மீ., அதாவது நான்கு அங்குலம். தாண்டினால் எல்லா மலையும் சரியும் என்பதல்ல. ஒவ்வொரு மலைக்கும் தனி அளவு உண்டு. அதை அறிய மலைமேலேயே மழைமானி வேண்டும். ஊருக்குள் இருக்கும் மானி மலை மழையைச் சொல்லாது.

அளவு தெரிந்தால் மட்டும் போதுமா? இலங்கையில் மீரியபெத்த தேயிலைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் அபாய எச்சரிக்கை தரப்பட்டது. 2014 அக்டோபர் 29 காலை, நம் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் புதைந்தன. சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? மானி கேட்கும்போதே, அடிவாரத்து மக்களுக்குப் பட்டாவோடு மாற்று மனையும் கேட்போம்.

அதுவரை நாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான டப்பாவை வெட்டவெளியில் வையுங்கள். தினம் காலை எட்டு மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்து, எழுதி, கொட்டிவிடுங்கள். விடாமழை நாளில் மணிக்கொரு முறை பாருங்கள். 100 மி.மீ. தொட்டும் மழை விடவில்லையா, அடிவாரத்து வீடுகளை இருட்டுமுன் காலி செய்யுங்கள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.