உழவன் கையில் நிறைகோல்



ஒரகடத்தில் மகிழுந்துகளும் சரக்குந்துகளும் விசையுந்துகளும் உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் கைகளுக்கு நாள்தோறும் சோறு வேண்டும், கீரை வேண்டும், பால் வேண்டும். அண்டையிலேயே ஏரி பாயும் வயல்கள் உள்ளன. அங்கு விளைந்த காய், கோயம்பேடு போய் விலையேறித்தான் திரும்ப வேண்டுமா?

இரண்டு கூடைக் கத்தரிக்காயோடு தனித்து நிற்பவன் விலை சொல்ல முடியாது. காய் வாடுமுன் அவன் விற்றாக வேண்டும், வாங்குபவனோ காத்திருக்கலாம். நூறு பேர் கூடினால் எடைக்கல்லும் ஊர்தியும் அவர்களுடையவை. தொழிலகச் சமையற்கூடத்திற்கு, ‘நாளும் இத்தனை கூடை’ என்று உறுதி கூறவும் இயலும்.

இது புதுவழியன்று. கூட்டுறவுச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர்க்கான கடன் கூட்டுறவு தோன்றிற்று. 1946-இல் குசராத்தின் கேடா மாவட்டத்தார், ஒரே வணிகக் குழுமத்திற்குப் பால் ஊற்றிவந்த நிலையை எதிர்த்துக் கூடினர், அமுல் பிறந்தது. தமிழக அரசு 2017-18-இல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டமும் நூறு உழவர் குழுவிற்கு 5 இலக்கம் உருபா தந்தது.

பணம் மட்டும் கூட்டுறவை வாழ்விக்காது. ஒருநாள் கூடுதல் விலை காட்டும் தரகனிடம் உறுப்பினன் ஓடினால், மறுநாள் கூட்டுறவு வெறுங்கூடையோடு நிற்கும். பிறகு தரகன் சொன்னதே விலை. கடைசியில் நிலமும் விலை.

நிலத்தை விற்றவன், அந்நிலத்தில் எழுந்த மதிலுக்கே காவலனாக நிற்கலாமா?

உழவர்களே, கூடுக! விளைத்தவனே விலை சொல்லுக!