மேல்முறையீடு செய்தால் வீடு நிற்குமா?

பினாங்கு குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை மறந்திருக்க மாட்டீர்கள். மாடு வளர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த கிராமம். 2009 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. செப்டம்பரில் வீடுகள் தரைமட்டமாயின.

இன்னொரு மனுப்போட்டு நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் இன்றும் பலருக்கு உண்டு. மேல்முறையீட்டு மனு பதிவானதுமே தீர்ப்பு நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி, நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால்தான் தீர்ப்பின் அமலாக்கம் நிற்கும். அதை முதலில் தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே கேட்பது வழக்கம்.

கேட்டவுடன் கிடைத்துவிடாது. வென்றவருக்கும் தன் வெற்றியை அனுபவிக்க உரிமை உண்டு. எனவே 'சிறப்புச் சூழ்நிலை' இருப்பதைக் காட்ட வேண்டும். மேல்முறையீட்டில் வெல்வோம் என்று சொல்வது மட்டும் போதாது. பின்னர் வென்றாலும் அந்த வெற்றி வெறும் காகிதமாகிவிடும் என்று சத்தியப் பிரமாணத்தில் விளக்க வேண்டும். பண வழக்கில் இது கடினம். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கலாம் அல்லவா? வாங்கியவர் திருப்பித் தர வக்கில்லாதவர் என்று காட்டினால் நிலைமை வேறு. வீடு அப்படியல்ல. இடித்த வீட்டைத் தீர்ப்பு திருப்பிக் கட்டித் தராது.

ஆனாலும் காப்பாற்ற ஒரு மேல்முறையீடு நிலுவையில் இருக்க வேண்டுமே! கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுத்த பிறகு புவா பாலா மக்களுக்கு அந்தப் பிடிமானம் இல்லாமல் போனது.

அடுத்தது செலவுத் தொகை. தோற்றவர் வென்றவருக்குத் தருவது பொது விதி. ஆனால் முடிவு நீதிபதியின் கையில். 2012 நீதிமன்ற விதிகளின் 59ஆவது கட்டளைப்படி வழக்கின் சிக்கல், வழக்கறிஞரின் உழைப்பு, சம்பந்தப்பட்ட தொகை ஆகியவற்றைப் பார்த்து, பெரும்பாலும் ஒரே தொகையாக நிர்ணயிக்கிறார்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால் 'இங்கும் கீழும்' என்று இரண்டு நீதிமன்றச் செலவும் தோற்றவர் தலையில் விழலாம். பொதுநல வழக்குகளில் அவரவர் செலவு அவரவருக்கே என்று விடுவதும் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுத்தது முழுவதும் திரும்பி வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீட்டு மனுப்போட 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளும் தீர்ப்பு தூங்குவதில்லை. நிறுத்தி வைக்கும் கோரிக்கையைத் தீர்ப்பு வாசித்த அன்றே எழுப்பச் சொல்லி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.